பொடியக்காவும் பதினேழாம் பாத்தியும்

உலர்த்தும் அடுப்பின் கதவைத் திறந்ததும் பொடியக்கா முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவார். மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். துடைக்க மாட்டார். ஒன்றும் தெரியாமல் அப்படியே நின்று ஆழமாக மூச்சை இழுத்து, "ம்ஹூம், இன்னும் காயணும். கெடக்கட்டும்" என்பார். இல்லாவிட்டால் "ஆயிடுச்சு, எடுத்துடலாம்" என்பார். ஈரம் பார்க்க அந்த அறையில் ஒரு கருவி உண்டு. மூக்கு சொன்ன பிறகு அதிலும் வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால் "அதான் அப்பவே சொன்னேனே" என்று கருவியிடம் ஒரு வார்த்தை. ஒத்துப்போகாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முனகிக்கொண்டே, கருவியின் பேச்சைத்தான் கேட்பார்.

எங்களுடையது மாட்டுத் தீவனப் புல் ஆராய்ச்சி நிலையம். நான் அங்கே கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள். எனக்குப் பக்கத்து அறைதான் பொடியக்காவின் ஆய்வுக்கூடம். நடுவில் ஒரு மெல்லிய தடுப்புச் சுவர். அந்தப் பக்கம் அரைவை இயந்திரம் ஓடினால் இந்தப் பக்கம் என் மேசையில் பேனா உருளும். முதல் வாரம் சண்டைக்குப் போனேன். இரண்டாவது வாரத்திலிருந்து அவரோடுதான் மதியச் சாப்பாடு. பொடி என்ற பெயரைக் கேட்டுச் சின்ன உருவமாக ஓர் ஆளைத் தேடாதீர்கள். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், அதற்கேற்ற உடம்பு, அதற்கும் மேற்பட்ட குரல். நாள் முழுக்கப் புல்லைப் பொடியாக்குவதால் வந்த பெயர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியல் போடும் எனக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது.

விரல் நுனிகள் எப்போதும் பச்சை. எந்தச் சோப்புக்கும் அசையாத பச்சை. கல்யாண வீட்டுக்குப் போனால் கையை மடித்துக்கொண்டே நிற்பாராம். "என்ன பூசியிருக்கீங்கன்னு கேக்கறாங்க. புல்லுன்னா சிரிக்கறாங்க. வம்பே வேண்டாம்னு மடிச்சுக்கிறேன்."

புல்லை அறுத்துக் கொண்டுவந்து, நிழலில் ஆற்றி, குறைந்த சூட்டில் உலர்த்தி, அரைத்து, சலித்து, எரிசாராயத்தில் ஊறப்போட்டு, வடிகட்டி, சுழலும் குடுவையில் வற்றவைத்தால் கடைசியில் கறுத்த பச்சையில் ஒரு பிசின் மிஞ்சும். ஒரு மூட்டைப் புல்லுக்கு ஒரு கரண்டிப் பிசின். அதைக் குடுவையிலிருந்து சுரண்டி எடுக்கும்போது பொடியக்காவிடம் யாரும் பேசக்கூடாது. இயக்குநரே வந்து நின்றாலும் கை மட்டும்தான் சைகை காட்டும்: இரு.

மாட்டுக்குப் போடுகிற புல்லில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். "நாள் பூரா வெயில்ல நிக்குது. பூச்சி கடிக்குது, மாடு மேயுது. எழுந்து ஓடவா முடியும்? நின்ன எடத்துலயே தனக்கு வேண்டிய மருந்தைத் தானே செஞ்சுக்குது. அதைத்தான் நாங்க உருவி எடுத்துப் பாக்கறோம்." இந்த மருந்துச் சரக்குக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயராம். உடம்புக்குள்ளே துருப்பிடிக்கிற மாதிரி நடக்கும் ஒரு சேதத்தைத் தடுக்கக்கூடியது. இதே சரக்கில் சில, புற்றுநோய்ச் செல்களையும் தடுக்குமா என்று உலகத்தில் பல இடங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். எங்கள் நிலையத்திலும் அதற்கென்று உள்ளே ஓர் அறை இருக்கிறது. டாக்டரம்மா என்று நாங்கள் கூப்பிடும் விஞ்ஞானி அதன் தலைவி. பொடியக்கா அங்கே அவருக்கு வலது கை.

அந்த உள்ளறையில் கண்ணாடிப் புட்டிகளில், இளஞ்சிவப்புத் திரவத்தில், மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்க்கிறார்கள். எப்போதோ எங்கேயோ யாரோ ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்து, அதன்பின் பரம்பரை பரம்பரையாகப் புட்டியிலேயே பெருகி வருபவை. ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றுக்குத் திரவம் மாற்றியாக வேண்டும். விடுமுறை கிடையாது. மழையோ, காய்ச்சலோ, வீட்டில் விசேஷமோ, பொடியக்கா வந்து மாற்றிவிட்டுப் போவார். "அதுங்க பட்டினி கெடந்து செத்தா, புல்லு கொன்னுச்சுன்னு பொய்யா ஆயிடும். நல்லாச் சாப்பிட்டுத் தெம்பா இருக்கறப்பதான் போட்டுப் பாக்கணும்" என்பார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த உள்ளறைக்குள் போனால் ஆளே வேறு. வெளியே இடி முழக்கமாகப் பேசுகிறவர், உள்ளே காலடி கூடக் கேட்காமல் நடப்பார்.

சோதனைத் தட்டு உள்ளங்கை அகலம்தான். அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குக் குழி செல்களை விட்டு, புல் பிசினை அளவு கூட்டிக் கூட்டிப் போடுவார்கள். மூன்றாம் நாள் மஞ்சள் நிறத்தில் ஒரு கரைசலை விடுவார்கள். செல்கள் உயிரோடிருந்தால் அது கரு ஊதாவாக மாறும். செத்திருந்தால் மஞ்சளாகவே நிற்கும். ஆக, மஞ்சள்தான் நல்ல செய்தி. போன வருடம் பதினேழாம் பாத்தியில் விளைந்த கினியாப் புல்லின் பிசின், அதிகபட்ச அளவில் போட்ட கடைசிக் குழிகளை வெளிற வைத்தது. டாக்டரம்மா, "பரவாயில்லையே, மறுபடி போட்டுப் பார்க்கலாம்" என்றார். விஞ்ஞானிகள் குதிப்பது அவ்வளவுதான். பொடியக்காவுக்கு அது போதவில்லை. அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே, செருப்பைக் கூடக் கழற்றாமல், "அண்ணி! இன்னிக்கு நம்ம புல்லு கேன்சரையே கொன்னுடுச்சு!" என்று கூவியிருக்கிறார்.

அண்ணி என்றால் நாத்தனார். கணவருடைய அக்கா. தெருவில் அவருக்குத் தையலம்மா என்று பெயர். பள்ளிக்கூடச் சீருடை தைத்தே தம்பியைப் படிக்க வைத்து, அச்சகத்தில் வேலைக்கு அனுப்பி, பெண் பார்த்துக் கட்டி வைத்தவர். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ள நேரமில்லாமலே போய்விட்டது. அந்த வீட்டின் முன்னறை அவருடைய தையல் மிஷினுக்குச் சொந்தம். பொடியக்கா மருமகளாக வந்த நாளிலிருந்து இருவருக்கும் ஓயாத வாய்ச் சண்டை. "எங்க வீட்டு ஸ்டூலு எதுவும் இவளைத் தாங்காதுன்னு அன்னிக்கே சொன்னேன்" என்பார் அவர். "ஸ்டூலு தாங்கிடும், உங்க வாயைத்தான் யாராலயும் தாங்க முடியல" என்பார் இவர். ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்குச் சோறு இறங்காது என்பது வேறு விஷயம்.

புல்லு கேன்சரைக் கொன்ற செய்திக்கு அன்று தையலம்மா தலையைத் தூக்காமல், "மொதல்ல கையைக் கழுவிட்டு வா. சட்டைத் துணியெல்லாம் பச்சையாகிடும்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு முடிந்தது.

முடியவில்லை. அடுத்த சில மாதங்களில் தையலம்மாவின் மார்பில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். வாழ்நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்தியவர் ஊசிக்குப் பயப்படவில்லை. ஆனால் அங்கே ஏற்றியது சிவப்பு மருந்து.  ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசிப் பேசியே ஒருவரையொருவர் பாதி கொன்றுவிடுவார்கள். முதல் தடவை ஏற்றிவிட்டு வந்து ஒரு வாரம் வாந்தி. வாயெல்லாம் புண். பிறகு ஒரு காலையில் தலையணையில் கொத்தாக முடி.

இரண்டாவது தடவைக்கு நாள் வந்தபோது தையலம்மா போகவில்லை. வயிறு சரியில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் வந்தது. அப்போதும் பார்க்கலாம் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: இப்படி இடைவெளி விட்டால் ஏற்றிய மருந்துக்கும் பலன் குறைந்துவிடும், வருகிற வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்துவிட வேண்டும்.

காரணம் தெரிய வந்தது ஒரு டம்ளரால். சமையலறையில் கழுவப் போட்டிருந்த டம்ளரை எடுத்த பொடியக்கா, பழக்க தோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மிக்ஸி ஜாரைத் திறந்து முகர்ந்தார். நேராக முன்னறைக்குப் போனார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இதை என்னிடம் சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

"அண்ணி, இது என்ன?"

"எது?"

"டம்ளர்ல புல்லு வாசனை அடிக்குது."

"அடிச்சா அடிக்கட்டும். உனக்குத்தான் புல்லுன்னா புடிக்குமே."

"புல்லா குடிக்கிறீங்க? எங்கேர்ந்து?"

"பால் ஊத்தற மாட்டுக்காரர்கிட்ட சொல்லி வச்சேன், வாசல்ல கட்டு கட்டாப் போட்டுட்டுப் போறாரு. கேன்சரைக் கொல்லுதுன்னு நீதானே சொன்ன? உன்கிட்ட கேட்டா ஆபீஸ் சாமான்னு பிகு பண்ணுவ. அதான் நானே பாத்துக்கிட்டேன்."

பொடியக்காவின் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "ஐயோ அண்ணி, இது நேப்பியர் புல்லு! எங்களுது கினியா!" சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாராம். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார். தையலம்மா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அந்தக் கினியாவைக் கொண்டா. குடிச்சுட்டுப் போறேன். அந்தச் செவப்புச் சனியன் எனக்கு வேண்டாம்."

அன்று ராத்திரியே வீடு இரண்டாகிவிட்டது. பொடியக்கா எவ்வளவோ சொன்னார். சாக்கடைத் தண்ணி பாயுற புல்லு, உடம்புல எதிர்ப்புச் சக்தி கொறஞ்சிருக்கற நேரத்துல பச்சையா அரைச்சுக் குடிச்சா வேற நோவு வந்துடும், இந்த மருந்து நடக்கறப்ப வேற சத்து மருந்து எதுவும் நீங்களா சேத்துக்காதீங்கன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க. எதுவும் ஏறவில்லை. கணவர் வேறு, "அவங்க ஆசைக்கு ஒரு கரண்டி கொண்டு வந்து குடேன். அதுல உனக்கு என்ன கொறஞ்சுடும்?" என்றார். தையலம்மாவோ அதையும் தாண்டிப் போய்விட்டார். "புட்டியில வச்சு அதுக்குச் சோறு போடறாளாமே. என் எதிரிக்கு ஒருநாள் தவறாம சோறு. எனக்கு ஒரு கை புல்லு கெடையாது. நல்ல மருமகடா இது!"

இதைச் சொல்லிவிட்டு பொடியக்கா டிபன் டப்பாவின் மேல் குனிந்துகொண்டார். அத்தனை பெரிய உடம்பு குலுங்கி நான் பார்த்ததில்லை. "என் வாய்தான். அன்னிக்கு செருப்பைக் கழட்டிட்டு, வாயை மூடிட்டு உள்ள போயிருந்தா என்ன? கடைசிக் குழி மட்டும் வெளுத்துச்சுன்னு சொல்லியிருக்கலாம். கொன்னுடுச்சுன்னு சொன்னேன். அவங்க போயிட்டா நான்தானே கொன்னவ?" எனக்கும் கண் முட்டிக்கொண்டு வந்தது. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். பிசுபிசுவென்று புல் வாசனை.

அன்று மாலையே டாக்டரம்மாவிடம் போய் நின்றார். ஒரு தட்டைத் தன் நாத்தனாருக்குக் காட்ட அனுமதி வேண்டும் என்று கேட்டார்.  உள்ளறைக்குள் கூட்டிப் போகக்கூடாது, சோதனை முடிந்து செல்களையெல்லாம் கரைத்த பிறகு மூடி போட்டு வெளியே கொண்டுவந்து காட்டலாம் என்றார் டாக்டரம்மா. "நானும் இருக்கட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம் டாக்டர். நீங்க சொன்னா உங்களை நம்புவாங்க. என்னை நம்பணும்" என்றார் பொடியக்கா. ஞாயிற்றுக்கிழமை வந்து வழக்கம்போல் தட்டுப் போட்டுவிட்டுப் போனார். அலங்காரம் ஒன்றும் கிடையாது. எப்போதும் போடும் அதே வரிசைகள்.

தையலம்மாவை வரவழைத்தது என் வேலை. "உங்க வீட்டு மருமக அந்த நல்ல புல்லைக் காட்டறாங்களாம், வாங்க" என்று போனில் சொன்னேன். பாதிப் பொய்தான். புதன்கிழமை என் காரிலேயே கூட்டி வந்தேன். முகமூடி, தலையில் தானே தைத்த பருத்திக் குல்லா, அதன் ஓரத்தில் மணி மணியாகத் தையல். காரை விட்டு இறங்கியதும் என் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்து, "இது யாரு தைச்சது? அக்குளைக் கவுத்திட்டானே" என்றார். ஆள் மெலிந்திருந்தாலும் கண் மெலியவில்லை என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

வெளி அறையில் வெள்ளைத் தாள் விரித்த மேசை மேல் தட்டு இருந்தது. தையலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துணிக்கு விலை பேசுகிறவரைப் போல ஒரு பார்வை பார்த்தார். நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன்.

"இந்த ஊதா எல்லாம் என்ன?"

"உசுரோட இருக்கற செல்லு. அதுல ஒண்ணும் போடல."

"இது?"

"நம்ம பதினேழாம் பாத்தி. இங்கேர்ந்து இங்க வரைக்கும் புல்லுதான். அளவு கூட்டிக்கிட்டே வந்திருக்கேன்."

"எல்லாம் ஊதாவாத்தானே இருக்கு?"

"ஆமா அண்ணி. இந்தக் கடைசிக் குழியைப் பாருங்க. கொஞ்சம் வெளுத்திருக்கு. அன்னிக்கு நான் குதிச்சது இதுக்குத்தான்."

தையலம்மா குனிந்து பார்த்தார். முகமூடிக்கு மேல் புருவம் சுருங்கியது. "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். இதுவே பெரிய விஷயம், எங்களுக்கு. இந்த அளவு உங்க உடம்புல சேரணும்னா எவ்வளவு புல்லு குடிக்கணும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தட்டுக்கு வயிறு கெடையாது, ஈரல் கெடையாது, ரத்தம் ஓடாது. இதுலேர்ந்து ஒரு மருந்து வந்தாலும் வரலாம். வராமலும் போகலாம். வந்தாலும் எத்தனை வருஷமோ. உங்களுக்கு இருக்கறது வெள்ளிக்கிழமை, அண்ணி."

 தையலம்மாவின் விரல் வேறொரு வரிசையின் மேல் நின்றிருந்தது. தட்டின் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை பளிச்சென்று மஞ்சள்.

"இது சுத்தமா வெளுத்திருக்கே. இது எந்தப் பாத்தி?"

"அது புல்லு இல்ல." பொடியக்காவின் குரல் இறங்கியது. "அது உங்களோட சிவப்பு மருந்து. அதேதான். எங்க புல்லைப் போட்டதுல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல, அவ்வளவு கொஞ்சம். ஒவ்வொரு தட்டுலயும் அதை ஒரு வரிசை போடுவோம்."

"எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பாக்கத்தான். எங்க புல்லு எந்த அளவுல நிக்குதுன்னு தெரியணுமில்ல? அதுக்கு வேலை செய்யற மருந்து ஒண்ணு பக்கத்துல இருந்தாகணும்."

 சுவருக்கு அப்பால் உலர்த்தும் அடுப்பின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தையலம்மா தட்டை நோக்கி இன்னும் கொஞ்சம் குனிந்தார். குல்லா நழுவியது. சரிசெய்யவில்லை.

"அளவுச் சட்டை" என்றார்.

"என்ன அண்ணி?"

"புதுசு தைக்கக் குடுக்கறவங்க கையோட ஒரு பழைய சட்டை கொண்டுவந்து குடுப்பாங்க. இதைப் பாத்துத் தைங்கன்னு. பீரோவுல இருக்கறதுலயே உடம்புக்குக் கச்சிதமா இருக்கறதைத்தான் அளவுக்குக் குடுப்பாங்க. தொளதொளன்னு இருக்கறதை எவளும் கொண்டுவர மாட்டா." விரலால் அந்த மஞ்சள் வரிசையை மேலிருந்து கீழாக ஒரு முறை நீவினார், மூடிக்கு மேலாகவே. "நீங்க இத்தனை படிச்சவங்க, இத்தனை தட்டுலயும் இதைத்தான் அளவுக்கு வச்சிருக்கீங்க."

"ஆமா அண்ணி."

"இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? புல்லு புல்லுன்னு கூவினே."

"கூவினது தப்புதான் அண்ணி. மன்னிச்சுடுங்க." பொடியக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனாரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமை வந்துடுங்க. புல்லு கேட்டா ஒரு வண்டி கூடக் கொண்டாருவேன், ஆனா அதைக் குடிச்சுட்டு நீங்க இல்லாம போனா நான் யாரோட சண்டை போடுவேன்?"

தையலம்மாவின் கை மெல்ல இறங்கி அந்தப் பெரிய தலையின் மேல் விழுந்தது. தட்டிக்கொடுத்ததா குட்டியதா என்று சொல்வது கஷ்டம். "எந்திரி. தரை எல்லாம் தூசி" என்றார். பிறகு, சின்னக் குரலில், "அந்த மஞ்சள் மாதிரியே எனக்குள்ளயும் ஆயிடுமா?" என்று கேட்டார்.

ஆகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். பொடியக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தெரியாது அண்ணி. ஆகணும். டாக்டருங்க ஆகும்னுதான் போடறாங்க. ஆனா நான் இனிமே தெரியாததைச் சொல்ல மாட்டேன்" என்றார்.

தையலம்மா வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.  வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "வெள்ளிக்கிழமை உனக்கு லீவு கெடைக்குமா? தம்பிக்கு அச்சகத்துல அன்னிக்கு வேலை நெருக்கடியாம். பஸ்ஸுல போனா எனக்குக் கொமட்டும்" என்றார். நான் தலையை ஆட்டின வேகத்தில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது மாட்டுக்காரர் போட்டுப் போன புல் கட்டு பிரிக்காமல் வாசலில் கிடந்தது. தையலம்மா முன்னறையில் தயாராக உட்கார்ந்திருந்தார். பொடியக்கா அவருக்கு முன்னாலேயே தயாராகி, தண்ணீர்ப் புட்டி, துண்டு, மாற்றுத் துணி, எல்லாம் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில். அன்று செல்களுக்குத் திரவம் மாற்ற வேண்டிய நாள். "டாக்டரம்மா தானே மாத்திக்கறேன்னுட்டாங்க" என்றார். அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த வேலையை வேறொருவர் செய்வது அதுதான் முதல் தடவை.

மருந்து ஏற்றும் கூடத்தில் நோயாளிக்கு ஒருவர்தான் துணைக்கு. நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஜன்னலோர நாற்காலியில் தையலம்மா. பக்கத்தில் ஒரு குட்டி ஸ்டூலில் பொடியக்கா, பாதி ஸ்டூலிலும் பாதி காற்றிலுமாக. ரத்தம் சோதித்தார்கள், வாந்திக்கு முன்னதாகவே ஒரு மருந்து கொடுத்தார்கள். வெகுநேரம் காத்திருந்தார்கள். இருவரும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டார்கள். எதற்கென்று என் காதில் விழவில்லை. கைகள் ஆடியதிலிருந்து தெரிந்தது.

பிறகு நர்ஸ் வந்தார். கையில் பெரிய ஊசிக் குழல், உள்ளே அந்தச் சிவப்பு. ஆய்வுக்கூடத்தில் பொடியக்கா இதைத் தொட வேண்டுமென்றால் இரண்டு கையுறை, முகமூடி, கண்ணாடித் தடுப்பு. ஒரு துளி சிந்தினால் அறையையே கழுவுவார். அந்த மருந்தை இப்போது தன் அண்ணியின் நரம்பில் மெல்ல மெல்லத் தள்ளுவதை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.  தையலம்மா மறுபக்கம் திரும்பி, ஊசி இல்லாத கையால் பொடியக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். பிடித்த இடம் வெளுத்திருந்தது.

இன்னொரு நர்ஸ் ஒரு காகிதக் கோப்பை நிறையப் பனிக்கட்டித் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அவர் வந்த கதவு திறந்தே கிடந்ததால் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "மருந்து ஏறி முடியற வரைக்கும் வாயில ஒதுக்கி வச்சுக்கணும்மா. வாய் ஜில்லுனு இருந்தா புண்ணு அவ்வளவா வராது."

தையலம்மா இரண்டு கைகளையும் பார்த்தார். ஒன்றில் ஊசி. மற்றொன்றை விட அவருக்கு மனமில்லை. பொடியக்கா தன் இன்னொரு கையால் கோப்பையிலிருந்து ஒரு பனிக்கட்டித் துண்டை எடுத்து, தண்ணீர் சொட்டாமல் உதறி, அவர் வாய்க்குள் வைத்தார். தையலம்மாவின் முகம் சுருங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. குளிர் பல்லில் ஏறியிருக்க வேண்டும். துப்பிவிடப் போகிறவர் போல உதட்டைக் குவித்தார்.

பொடியக்கா கோப்பைக்குள் மறுபடி கையை விட்டார்.

"உங்களுக்கு இல்லைங்க, அவங்களுக்கு மட்டுந்தான்" என்றார் நர்ஸ்.

பொடியக்கா காதில் வாங்கவில்லை. இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, தன் வாயில் போட்டு, கன்னம் புடைக்க அதை ஒதுக்கிக்கொண்டு, அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தார்.